பிரேக் இல்லாத விமானம்

என் அக்கா புருஷனின் வலது கால் அவர் பேச்சைக் கேட்காது. மற்ற பாகங்கள் எல்லாம் ஓய்ந்து கிடந்தாலும் அது மட்டும் டியூட்டியில் இருக்கும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன் சீட்டுக்காரர் முதுகில் ஒரு மிதி விழும். முடி வெட்டும் கடையில் கத்தி காதருகே வந்தால் நாற்காலியின் கால்பலகை நெளியும். தூக்கத்திலும் மிதிப்பார் என்று அக்கா சொல்வாள். கல்யாணமான புதிதில் பேய் பிடித்த மாப்பிள்ளையைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று பயந்தாளாம். பிறகு நடுவில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் பழகிவிட்டாள்.

எல்லாம் தொழிலால் வந்த வினை. மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இருபத்து நான்கு வருஷமாக அவர் குடியிருப்பது அந்தப் பிரேக்குக்குப் பின்னால்தான். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள், அத்தனை பேருக்கும் அவர் 'பிரேக் சார்'. இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை என்று பெருமையடித்துக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, உண்மைதான். ஆனால் அவரிடம் கற்றவர்கள் லைசென்ஸ் வாங்கித் தனியாக ரோட்டுக்கு வருகிற முதல் நாள் வெலவெலத்துப் போவார்கள். கார் என்பது இவ்வளவு வேகமாகப் போகக்கூடிய பொருள் என்பதே அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியவரும்.

நான் மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, ஃபேன் ரிப்பேர் செய்கிறவன். மாமாவைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவரிடம் கார் கற்கப் போய் மூன்றாம் நாளே கழுத்து பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவன் நான். கழுத்து சரியாகிவிட்டது, மரியாதைதான் இன்னும் முழுசாக வரவில்லை.

அக்கா என்னைவிட மோசமாக அடிபட்டவள். கல்யாணமான ஆறாம் மாதம், உனக்கும் ஓட்டச் சொல்லித் தருகிறேன் வா என்று ஆசையாகக் கூட்டிப் போனார். எண்ணூறு மீட்டர் தூரத்துக்குள் நாற்பத்தொரு தடவை பிரேக் போட்டார். அக்கா எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்றாவது பிரேக்கில் கதவைத் திறந்து இறங்கி, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். மாமா இண்டிகேட்டர் போட்டபடி பின்னாலேயே ஊர்ந்து வந்தாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது எடுத்தாக வேண்டிய நிலை. அக்கா பியூட்டி பார்லரில் வேலை செய்கிறாள். புருவம் திருத்துவதில் அவளை அடிக்க ஆளில்லை. பார்லர் முதலாளியம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது கடை திறக்கப்போகிறார். நீயே பொறுப்பெடுத்து நடத்து, மாதக் கடைசிக்குள் பதில் சொல்லு என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். பதினெட்டு கிலோமீட்டர். கடை மூடுவது எட்டரைக்கு, கடைசி பஸ் கிளம்புவது எட்டுக்கு. நான் கொண்டுபோய் விடுகிறேன், கூட்டி வருகிறேன் என்றார் மாமா. காலையும் மாலையும் அவருக்கு மூச்சுவிட நேரமில்லாமல் வகுப்பு. அப்படியானால் எப்படி முடியும் என்று கேட்டதற்கு, அப்படியானால் வேண்டாம் என்றார். உதவிக்கு இருந்த ஆள் வேலையை விட்டுப் போனதிலிருந்து ஸ்கூலின் இரண்டாவது கார் வாசலில் தூசி படிந்து நின்றுகொண்டிருந்தது. அது இருவர் கண்ணிலும் தினமும் பட்டது, வாயில் மட்டும் வரவில்லை.

வராததற்குக் காரணம் ஒன்று உண்டு, எனக்கு மட்டும் தெரியும். அக்கா லைசென்ஸ் வாங்கி நான்கு மாதமாகிவிட்டது. கற்றுக்கொண்டது எங்கே என்று நினைக்கிறீர்கள்? மாமாவின் ஸ்கூலுக்கு நேர் எதிர் வரிசையில் இருக்கிற போட்டி ஸ்கூலில். மாமாவுக்கு அந்த போர்டைப் பார்த்தாலே எரியும். மாமா சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கும் மத்தியான நேரத்தில் அக்கா அங்கே போய், நாற்பது நாளில் முடித்து, முதல் தடவையிலேயே டெஸ்டில் தேறி, லைசென்ஸைக் கொண்டை ஊசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அவர் தாம்தூம் என்று குதிப்பார் என்ற பயமா என்றேன்.

"குதிச்சா சமாளிச்சுடுவேன்டா. மூஞ்சி வாடிப்போச்சுன்னா என்ன பண்றது? ஊருக்கே கத்துக்குடுக்கறவரு. வீட்டுல இருக்கறவளே நம்பாம வேற இடத்துக்குப் போயிட்டான்னு ஆயிடும்ல."

அவள் கவலை அது.

இந்த நேரத்தில்தான் மாமாவின் முழங்கால் மக்கர் செய்தது. இருபத்து நான்கு வருஷ மிதி. வீங்கிப்போய் டாக்டரிடம் காட்டினார். ஒரு மாதம் பாதி வேலை போதும், மீதி நேரத்தில் காலுக்கு வேலை கொடுக்காத பொழுதுபோக்கு எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள் என்றாராம் டாக்டர். மாமாவுக்குப் பொழுதுபோக்கு என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு நாள் டிவி பார்த்தார். நாங்கள்தான் தவித்துப்போனோம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டிரைவிங் டெஸ்ட் மைதானத்தில் கோடு அழிந்திருக்கிறதா என்று பார்க்கப் போனவரின் கார் கூரையில் வானத்திலிருந்து ஒரு விமானம் வந்து உட்கார்ந்தது. கையளவு அகல இறக்கை, மொத்த நீளம் ஒரு மீட்டர், எல்லாம் நுரை அட்டை. பின்னாலேயே ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பல் டாக்டர் மன்னிப்புக் கேட்டபடி ஓடிவந்தார். கீறல் விழுந்ததா என்று கூரையைத் தடவிப் பார்த்த மாமா, விழவில்லை என்று தெரிந்ததும் விமானத்தைத் தடவிப் பார்த்தார். முழுக்க முழுக்கக் கட்டைவிரல் வேலை, காலுக்கு வேலையே இல்லை என்று பல் டாக்டர் சொன்ன அந்த வினாடியில் மாமா விழுந்துவிட்டார்.

முதல் சந்தேகமாக அவர் கேட்டது, இதில் பிரேக் எங்கே இருக்கிறது என்று. இல்லை என்றார் பல் டாக்டர். மாமா அதை ஏதோ விலை குறைந்த மாடல் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அடுத்த வாரம் முழுக்க என் ரிப்பேர் கடை விமானத் தொழிற்சாலையாகிவிட்டது. பல் டாக்டர் தாளில் அச்சடித்த வரைபடம் கொடுத்திருந்தார். அதை நுரை அட்டையின் மேல் ஒட்டி, பிளேடால் வெட்டி, மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் கீறி மடித்து, சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்ட வேண்டும். இறக்கை மேலே, பெட்டி மாதிரி உடம்பு கீழே. வாலில் இரண்டு மடல்கள், ஒன்று இடம் வலம் திருப்ப, இன்னொன்று ஏற்றி இறக்க. கற்றுக்குட்டிக்கு இது போதும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். கற்றுக்குட்டி என்ற வார்த்தை தன்னைக் குறிக்கிறது என்பதை ஜீரணிக்க மாமாவுக்கு ஒரு நாள் ஆனது.

மாமா வெட்டிய அழகைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் நிறுத்தி, பின்னால் பார்த்து, பக்கவாட்டில் பார்த்து, மறுபடி கிளம்புவார். ஒரு இறக்கை வெட்ட இரண்டு மணி நேரம். மூக்குப் பகுதிக்கு மட்டும் பலம் வேண்டுமென்று தன் அறிவைப் பயன்படுத்தினார். பேக்கிங் தெர்மாகோல் துண்டு ஒன்றை எடுத்து, நான் தடுப்பதற்குள் அதில் செருப்பு ஒட்டுகிற சூப்பர் பசையைப் பிழிந்தார். தெர்மாகோல் கொதிக்கிற மாதிரி உள்வாங்கியது. கண்ணெதிரே மூக்கு கரைந்து நடுவில் பள்ளம் விழுந்து, நாற்றம் கடையைத் தூக்கியது. மாமா முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரித்தது தப்புதான்.

என் பெருமையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒருதலைப்பட்சம் என்பீர்கள். மோட்டாருக்கு ஒயர் வைத்துச் சால்டர் செய்தவன் நான். இருபது வருஷ அனுபவம், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டே செய்துவிட்டேன். பேட்டரியைச் சொருகி ரிமோட்டை அழுத்தியதும் விமானம் மேஜை மேல் பின்பக்கமாகப் போய் டீ டம்ளரைத் தள்ளியது. மூன்று ஒயரில் எந்த இரண்டையாவது மாற்றிப் போட்டால் சரியாகிவிடும், போட்டேன். மாமாவுக்குத்தான் வருத்தம். ரிவர்ஸ் கியர் இருந்தால் நல்லதுதானே என்றார்.

இறக்கையின் அடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கினால் மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும் என்பது பல் டாக்டர் சொன்ன கணக்கு. பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி அதைச் சரி செய்தோம். கடைசியாக மாமா ஸ்கூலிலிருந்து சிவப்பு எல் ஸ்டிக்கரைக் கொண்டுவந்து வாலில் ஒட்டினார். அவரைப் பொறுத்தவரை அது விளையாட்டல்ல, சட்டம்.

முதல் ஞாயிறு. காலை ஆறு மணி, காற்றே இல்லை. மாமா, நான், பல் டாக்டர், ஃபிளாஸ்கோடு அக்கா. நான் விமானத்தைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கி எறிந்தேன். எல் போர்டோடு அது ஏறியது பாருங்கள், எனக்கே உடம்பு சிலிர்த்தது. பத்து ஆள் உயரத்துக்குப் போனதும் லேசாக ஆடியது. அவ்வளவுதான். மாமா இருபத்து நான்கு வருஷமாக ஆபத்தில் என்ன செய்வாரோ அதையே செய்தார். வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தார். வலது கால் தரையை ஒரு மிதி மிதித்தது. விமானம் நடுவானில் ஒரு கணம் நின்று, மூக்கைக் கவிழ்த்து, நேராகத் தரைக்கு வந்தது.

ரோட்டில் வேகம் குறைந்தால்தான் பத்திரம், ஆகாயத்தில் வேகம் குறைந்தால் விழும், ஆட்டம் கண்டால் பவர் கொடுக்க வேண்டும் என்று பல் டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாமா தலையாட்டினார். தலைக்குப் புரிந்தது, காலுக்குத்தான் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மூக்கை ஒட்டி மறுபடி எறிந்தோம். மறுபடி அதே மிதி. நான்கு தடவை. கிளம்பும்போது மூக்கு என்று சொல்ல அதில் பசை மட்டும்தான் இருந்தது.

இரண்டாம் ஞாயிறு மாமா தன் வலது காலைக் கொஞ்சம் ஏமாற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலின் மேல் இடது காலை வைத்துக் கொக்கு மாதிரி நின்றார். வேலை செய்தது. விமானம் மைதானத்தின் கடைசி வரை போனது. போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. திருப்பி எங்களைப் பார்த்து வரும்போதுதான் வினை. அது எதிரே வரும்போது அதன் இடது நமக்கு வலது. ரிமோட்டில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மாமா வலது பக்கம் காப்பாற்ற, அது இடது பக்கம் சாய, இன்னும் கொஞ்சம் காப்பாற்ற, வேலிக்குள் போய்ச் சொருகிக்கொண்டது.

ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். எதிரில் உட்கார்ந்த ஆளுக்கு வலது என்றால் எனக்கு இடது, இதில் என்ன குழப்பம் என்று சாதாரணமாகக் கேட்டாள். தினம் பத்து முகத்தை எதிரே வைத்துக்கொண்டு புருவம் திருத்துகிறவள். பல் டாக்டர் கப்பைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் அதே பிழைப்புதானே, எதிரில் திறந்த வாயில் வலது கடைவாய் என்றால் அவருக்கு இடது பக்கம். இருவரும் ஏதோ தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்த மாதிரி பேசிக்கொண்டார்கள். மாமா வேலியிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் பாவம், இருபத்து நான்கு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அதே ரோட்டைப் பார்த்த மனுஷன் அவர். யாரையும் எதிரே வைத்துப் பார்த்ததே இல்லை.

மூன்றாம் ஞாயிறு மாதத்தின் கடைசி ஞாயிறு. மறுநாள் முதலாளியம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லிவிடப்போகிறேன் என்று அக்கா வரும் வழியில் என் காதில் சொன்னாள். கொண்டை ஊசி டப்பாவைத் தொலைத்துவிடவா என்றும் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

விமானம் கிளம்பியது. இதைவிட நன்றாக அது பறந்ததில்லை. மாமா ஒரு முழு வட்டம் அடிக்கப் பார்த்தார், அது உயரம் கூடி, கடைசி மூலையில் திரும்பி, எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தது. அங்கே மாமா உறைந்துவிட்டார். கட்டைவிரல் இரண்டும் குச்சியின் மேல் கல்லாக நின்றன. வலது கால் மட்டும் இடது காலை உதறிவிட்டுத் தரையை மிதித்தது, மிதித்தது, மிதித்துக்கொண்டே இருந்தது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தபடி எங்கள் காரைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது.

"குடுங்க," என்றாள் அக்கா.

பல் டாக்டர் கையை நீட்டியிருந்தார். அவர் கையில் கொடுத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாமா அவர் கையைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார். பிறகு கழுத்துப் பட்டையைத் தலை வழியே உருவி, ரிமோட்டை அக்காவிடம் கொடுத்தார். பக்கத்தில் தனக்கென்று இன்னொரு பிரேக் இல்லாமல் அந்த மனுஷன் வேறொருவர் கையில் ஒரு வண்டியைக் கொடுத்தது, எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அக்கா பதறவில்லை. புருவத்தில் நூல் ஓட்டும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாளே, அப்படிக் கடித்துக்கொண்டாள். சாய்ந்த இறக்கையின் பக்கமே குச்சியைத் தள்ளினாள், இறக்கை நிமிர்ந்தது. கொஞ்சம் பவர் கொடுத்தாள், மூக்கு எழுந்தது. எங்கள் தலைக்கு மேல் அது போனபோது வாலில் இருந்த சிவப்பு எல் துல்லியமாகத் தெரிந்தது. இரண்டு வட்டம் அடித்தாள். மாமா கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மெதுவா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. இறக்குவது எப்படி என்று பல் டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல, அக்கா அதைப் புல்லின் மேல் வயிறு தேய இறக்கினாள். போய்ப் பார்த்தோம், பசை மூக்கு அப்படியே இருந்தது. மாமா நின்ற இடத்தில் குதிகால் அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது.

அக்கா ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, பையைத் திறந்து, கொண்டை ஊசி டப்பாவை எடுத்து, லைசென்ஸை மாமாவிடம் நீட்டினாள்.

மாமா முன்பக்கம் படித்தார், தேதியைப் பார்த்தார், நான்கு மாதத்தையும் விரலில் எண்ணினார். அக்கா பயந்தது அப்படியே நடந்தது. முகம் வாடித்தான் போனது. காற்றில் புரண்ட விமானத்தை ஒரு காலால் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"எந்த ஸ்கூலு?" என்றார்.

அக்கா சொன்னாள்.

மாமா லைசென்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். பிறகு, "அங்க எந்நேரமும் கிளட்ச் மேலயே கால வச்சுக்க சொல்லுவாங்களே," என்றார்.

"சொன்னாங்க. நீங்க திட்டுற மாதிரியே காதுல விழுந்துச்சு, நான் வைக்கல."

மாமா சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது. பிறகு லைசென்ஸின் மேல் சாவியை வைத்து இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். நடந்துபோய்ப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார், அவருடைய சீட், அவருடைய பிரேக். உள்ளே குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து, விமானத்தை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இறக்கை பின்சீட் முழுவதையும் அடைத்துக்கொண்டதில் எனக்கு மிச்சமிருந்தது முன்சீட்.

அக்கா நன்றாகவே ஓட்டினாள். ஆனால் நாங்கள் யாரும் பழகாத வேகத்தில், அதாவது ஊரில் எல்லாரும் போகிற வேகத்தில் ஓட்டினாள். பெரிய சந்திப்பில் ஒரு பஸ் எங்கள் பக்கம் திரும்பியது. அக்கா பார்த்துவிட்டாள், ஒதுங்கவும் ஆரம்பித்துவிட்டாள். என்னை என்ன பிடித்ததோ தெரியவில்லை, இத்தனை நாள் அந்த மனுஷனைக் கேலி செய்தவன், காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அக்கா என்னை முறைத்தாள்.

"கால எடு மாப்ளே," என்றார் மாமா பின்னாலிருந்து. "அவ ஓட்டுறா."

நான் காலை மடக்கி சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டேன். அக்கா கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வீடு போய்ச் சேரும்வரை என் முதுகில் பதினேழு மிதி விழுந்தது, நான் எண்ணினேன். வண்டி அதன் பிறகு எங்கேயும் நிற்கவில்லை.